ஒண்டொண்டாவும் என் பெயர் இல்லாத பட்டியலும்

எனக்கு எழுபத்துமூன்று வயது. வளர்த்தெடுத்தது ஒன்பது பிள்ளைகள். ஆறு நான் பெற்றது, மூன்று என் தங்கச்சி மௌத்தானபோது விட்டுப்போனது. ஒன்பதும் ஒன்பது விதமான பிடிவாதம். சோறு வேண்டாம் என்று இரண்டு நாள் கிடந்ததும் உண்டு, கிணற்றுக் கட்டில் ஏறி நின்று இறங்கமாட்டேன் என்றதும் உண்டு. அந்த ஒன்பது பேரையும் ஒரு தட்டில் ஏற்றி, மறு தட்டில் ஒண்டொண்டாவைத் தனியாக இருத்தினால், அவன் இருக்கிற தட்டுத்தான் தரையில் முட்டும். அப்படி ஒரு பிடிவாதக்காரனை இந்தக் கற்பிட்டிக் கரை அதற்கு முன்னும் கண்டதில்லை, இனியும் காணப்போவதில்லை.

அவனுக்கு அவனுடைய வாப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். எங்களில் ஒருவருக்கும் தெரியாது. வண்ணாத்திவில்லுப் பக்கமிருந்து மோட்டார் சைக்கிளில் வருவான். எங்கள் பெண்கள் கருவாட்டுச் சங்கத்துக்கு வெப்சைட் செய்து தர வந்தவன். எதைக் கேட்டாலும் "ஒண்டொண்டா பாப்பம்" என்பான். இரண்டாம் நாளே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவனும் அதற்கே திரும்பிப் பார்த்தான்.

மெலிந்த ஆள். சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனை. மூன்றும் எழுதாது. "என்னத்துக்கு மகன் சுமக்கிறாய், எறிஞ்சிடன்" என்று கேட்டேன். "மையா, முனையா எண்டு இன்னும் பாத்து முடியல்ல உம்மா" என்றான். யோசனை வந்தால் இடது காலின் செருப்பைக் கழற்றிவிடுவான். வலது காலுக்கு அந்த உரிமை இல்லை. சங்கத்து வாசலில் ஒற்றைச் செருப்புக் கிடந்தால், உள்ளே அவன் வேலையில் இருக்கிறான் என்று தெருவுக்கே தெரியும்.

முதல் நாள் அவன் வந்து லெப்டொப்பைச் செருகினான். கரண்ட் இல்லை. "மெயின் சுவிச்ச நிப்பாட்டி வெச்சிருக்கு மகன், நான் போட்டு விடுறன்" என்று சங்கத் தலைவி எழும்பினாள். தலைவி கற்பிட்டியிலேயே பிறந்து வளர்ந்தவள். என் மூத்த மகளின் வயது, என்னை மாமி என்பாள். நல்ல மனசு, பெரிய தொண்டை.

"இரிங்க தாத்தா. ஒண்டொண்டா பாப்பம்" என்றான் ஒண்டொண்டா. எங்களில் அக்காவைத்தான் தாத்தா என்பது.

லெப்டொப்பின் வயரை மாற்றினான். பிளக்கை மாற்றினான். என் மருமகளின் போன் சார்ஜரைச் செருகினான். பக்கத்து வீட்டு மின்விசிறியைத் தூக்கிவந்து செருகினான். ஒரு மணித்தியாலம் கழித்து மெயின் சுவிச்சுக்கு முன் நின்று, "இதுதான்" என்றான், புதையல் எடுத்தவன் போல.

"அதத்தானே நீ வந்த உடனே நான் சொன்னன்!" என்று தலைவி கத்தினாள்.

"நீங்க சொன்னது சரிதான் தாத்தா. ஆனா நான் பாக்கல்லதானே."

என் வீட்டிலும் இதே கூத்துத்தான். தேத்தண்ணி கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னமோ ஒண்டு பிழை உம்மா" என்றான். என் தேத்தண்ணியைக் குறை சொன்ன முதல் மனிதன் அவன்தான். பெரிய ஹாஜியார்மார் குடித்துவிட்டு இன்னொரு கோப்பை கேட்ட தேத்தண்ணி அது. நான் வாயைத் திறக்க முன்னமே அவன் குசினி வாசலுக்கு வந்துவிட்டான். சீனியைத் தனியாகக் கேட்டு நக்கிப் பார்த்தான். தேயிலையைத் தனியாக மென்றான். பால்மாவைத் தனியாகத் தின்றான். கடைசியாகத் தண்ணீரைத் தனியாகக் குடித்தான். "கிணறு உம்மா. உப்பேறிட்டு" என்றான். வீட்டுக்காரிக்கே பழகிப்போன உப்பு. அன்றிலிருந்து வாங்குகிற தண்ணீரில்தான் தேத்தண்ணி ஊற்றுகிறேன். அதற்காக அவனை மன்னித்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது நடக்க இன்னும் நாளிருந்தது.

வெப்சைட் ஒரு மாதிரி முடிந்தது. அதில் வாங்குகிற ஆள் ஊரைத் தட்டவேண்டும், மீனைத் தட்டவேண்டும். கற்பிட்டி, நெத்தலி என்று தட்டினால் கற்பிட்டியில் நெத்தலி காயவைக்கிற பெண்களின் பெயரெல்லாம் வரும். வந்ததுதான், ஆனால் ஒரு நாள் எல்லாப் பெயருக்கும் மேலே, உள்ளங்கை அளவு எழுத்தில், "நான் இங்கதான் இருக்கன்" என்று நின்றது. கட்டாரிலிருந்து என் மூன்றாவது மகன் கோல் எடுத்து, "உம்மா, சங்கத்துப் பக்கத்துல ஆரோ ஒருத்தன் நிக்கிறானே, ஆர் அவன்?" என்றான். நீர்கொழும்பிலிருந்து ஒரு வியாபாரி, "அங்க இருக்கிறது சரி, கருவாடு எங்க?" என்று கேட்டாராம்.

தலைவி அவனைக் கதிரையில் இருத்தி விசாரித்தாள்.

"நான் எழுதினது எந்த இடம் வரைக்கும் ஓடுது எண்டு பாக்கத்தான் தாத்தா. அது தெரிஞ்சா அங்க வந்திட்டு எண்டு அர்த்தம்."

"உலகமே பாக்கிற இடத்துலயா பாக்கிற?"

அன்றிலிருந்து அவன் சோதனைக்கென்று அதே பக்கத்துக்கு ஒரு நகல் வைத்துக்கொண்டான். பக்கம் இரண்டு, பெயர்கள் இருக்கிற களஞ்சியம் மட்டும் ஒன்றே என்று விளக்கினான். எங்களுக்கு அது அன்று பெரிதாகப் படவில்லை.

இனித்தான் என் கதை.

கொழும்பிலிருந்து ஹோட்டல்களுக்குக் கருவாடு எடுக்கிற சிங்கள ஐயா ஒருவர், மஹத்தயா என்போம், சனிக்கிழமை வருவதாகச் செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் வெப்சைட்டில் பட்டியலை எடுத்துக்கொண்டு வருவாராம். பட்டியலில் இருக்கிற வீட்டுக்கு மட்டும் போவாராம். வழியில் கைகாட்டுகிற வீட்டுக்கெல்லாம் இறங்க நேரமில்லையாம். தலைவிக்குப் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை என் மருமகள் ஆசைக்குப் போனை எடுத்து, கற்பிட்டி, கட்டா என்று தட்டினாள். ஒரு வரிசைப் பெயர் வந்தது. மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள்.

"மாமி, உங்கட பேர் இல்லையே."

"கண்ணாடியப் போட்டுப் பாரு."

"எனக்குக் கண்ணாடி இல்ல மாமி. உங்கட பேரும் இல்ல."

கட்டாக் கருவாட்டுப் பட்டியலில் ஸவுதா உம்மாவின் பெயர் இல்லை! இந்தக் கரையில் கட்டாவைக் கீறி உப்பிடுவது எப்படி என்று பாதிப் பேருக்குக் காட்டிக் கொடுத்தவள் நான். அந்தப் பட்டியலில் இருந்த இரண்டு பேருக்கு உப்புக்கும் மணலுக்கும் வித்தியாசம் தெரியாது. முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு சங்கத்துக்கு நடந்தேன்.

எனக்கு முன்னமே அங்கே ஒரு கூட்டம். பெயர் வராதவர்கள் என்னோடு பதினொரு பேர். ஒருவரையொருவர் பார்த்தோம். பதினொரு பேரும் தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது வந்தவர்கள். சந்தேகம் வர வேறு என்ன வேண்டும்?

"எங்கள வெட்டிட்டாங்க" என்றாள் ஒருத்தி.

"வல்லாஹி, நான் தொடக்கூட இல்ல!" தலைவியின் பெரிய தொண்டை தெருவரைக்கும் கேட்டது. "மாமி, நீங்களுமா என்னச் சந்தேகப்படுறீங்க?"

உண்மையைச் சொன்னால், சந்தேகப்பட்டேன். முப்பத்தைந்து வருஷம் ஒரே கரையில் கருவாடு காயவைத்தாலும் 'வந்த ஆக்கள்' என்ற சொல் எங்கேயோ ஒரு மூலையில் இருந்துகொண்டேதான் இருக்கும்.

வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. ஒற்றைச் செருப்பு விழுந்தது.

"என்ட பேர் எங்க மகன்?" என்றேன்.

"தெரியா உம்மா."

"இவங்க வெட்டினாங்களா?"

"தெரியா உம்மா. சந்தேகத்த வெச்சுத் தேட ஏலா. ஒண்டொண்டா பாப்பம்."

சனிக்கிழமைக்கு நடுவில் மூன்றே நாள். இவன் ஒரு சுவிச்சுக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தவன்.

புதன் காலையில் என் பக்கத்திலேயே லெப்டொப்பை வைத்துக்கொண்டு தொடங்கினான். நான் எழும்பிப் போகவில்லை. என் பெயரை இன்னொருவர் தேடும்போது நான் போய் அடுப்பூதுவதா?

"உம்மா, உள்ளுக்கு ஒரு களஞ்சியம் இரிக்கு, டேட்டாபேஸ். வெளிய நீங்க பாக்கிற பக்கம் வெறும் அச்சு. அதுக்கு டெம்ப்ளேட் எண்டு பேர். கொண்டுவந்து குடுத்தத அடுக்கிக் காட்டும், அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவில தேயிலை வடி மாதிரி வடி இரிக்கு. மூணு வடி. மீன் ஒரு வடி, இந்த வருஷம் அங்கத்தவரா எண்டு ஒரு வடி, ஊர் ஒரு வடி. உங்கட பேர் களஞ்சியத்துல இல்லையா, அச்சு தின்னுட்டா, வடியில நிண்டுட்டா? அதத்தான் பாக்கோணும்."

"பிழையெண்டா அது சொல்லாதா?"

"அதுதான் உம்மா வயித்தெரிச்சல். சத்தம் போடுற பிழையப் பிடிச்சிடலாம். இது சத்தமே போடாது. ஆள் இல்லையெண்டா, ஆள் இல்லாமலே அழகா இரிக்கும்."

முதலில் மூன்று வடியையும் கழற்றினான். சங்கத்தில் இருக்கிற அத்தனை பேரும் திரையில் வந்து நின்றார்கள். நடுவில் நான்! களஞ்சியத்தில் இருக்கிறேன், அச்சும் என்னைத் தின்னவில்லை. "அப்ப இப்படியே விட்டுடு மகன்" என்றேன். "நெத்தலி கேட்டு வாற ஆளுக்குத் திருக்கை வீட்டக் காட்டவா உம்மா?" என்றான். அதுவும் சரிதான்.

பிறகு அவன் செய்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. களஞ்சியத்தில் ஒரு புது மனுஷியைச் சேர்த்தான். பெயர் 'சோதனை உம்மா'. அவள் கற்பிட்டி. அவள் கட்டா காயவைப்பாள், நெத்தலி காயவைப்பாள், சாளை, திருக்கை, எல்லாம் காயவைப்பாள்.

"ஆர் மகன் இவ?"

"இல்லாத ஆள் உம்மா. எல்லா வடியிலயும் கட்டாயம் விழுவா எண்டு நிச்சயமா தெரிஞ்ச ஒரு ஆள் எனக்கு வேணும். அப்பதான் வாற ஆளுக்கும் வராத ஆளுக்கும் என்ன வித்தியாசம் எண்டு பாக்கலாம்."

மீன் வடியை மட்டும் போட்டான். சோதனை உம்மா வந்தாள், நானும் வந்தேன். அதை எடுத்துவிட்டு அங்கத்தவர் வடியைப் போட்டான். சோதனை உம்மாவும் நானும். ஒவ்வொன்றையும் மூன்று தரம் போட்டுப் போட்டு எடுத்தான். மூன்று தரமும் நான் வந்தேன். பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். தொழுதுவிட்டு வந்து ஊர் வடியைப் போட்டான்.

சோதனை உம்மா ஜம்மென்று நின்றாள். நான் இல்லை.

"அந்த இல்லாத மனுசி வாறா! உயிரோட உனக்கு முன்னால இரிக்கிற நான் வரல்ல!" என்று கத்திவிட்டேன். பெற்றெடுத்த பிள்ளைகள் பொய் சொன்னபோதுகூட எனக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை.

அவன் காதில் அது விழவில்லை. இரண்டு பேரையும் திரையில் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தி, கட்டம் கட்டமாக வாசித்துக்கொண்டு போனான். ஓரிடத்தில் விரல் நின்றது.

"உம்மா, உங்கட நிரந்தர முகவரி முசலி, மன்னார் எண்டு இரிக்கு. இத ஆர் சொன்ன?"

"ஆர் சொல்ற? நான்தான் சொன்னன்."

சங்கத்தில் சேர்ந்த அன்று ஒரு பெட்டை கடதாசியை வைத்துக்கொண்டு கேட்டாள். 'இப்ப இரிக்கிற இடம்?' சொன்னேன். 'நிரந்தர முகவரி?' அதையும் சொன்னேன், நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். முசலியில் எங்கள் வளவு, வடக்கே இலுப்பை, தெற்கே பள்ளிக்குப் போகிற பாதை என்று எல்லையெல்லாம் சொன்னேன். அவ்வளவுக்கு இடமில்லை என்றாள். மற்றப் பத்துப் பேரும் அதைப்போலத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவே இல்லை. பேச என்ன இருக்கிறது? நிரந்தரம் எது என்று கேட்டால் நாங்கள் வேறு எதைச் சொல்வது?

ஒண்டொண்டாவின் மூன்றாவது வடி அந்தக் கட்டத்தைத்தான் பார்த்திருக்கிறது. கற்பிட்டி இல்லையா, வடியிலேயே நில்.

தலைவிக்கு உயிர் வந்தது. "யா அல்லாஹ், இவ்வளவுதானா! கற்பிட்டி எண்டு மாத்துங்க மகன். பதினொரு பேருக்கும் மாத்துங்க. பத்து நிமிஷ வேலை."

"மாத்தக்கூடாது" என்றேன்.

"மாமி, சனிக்கிழமை ஆள் வாறார்!"

"வரட்டும்."

"வெறும் கட்டம் மாமி அது. ஆர் வாசிக்கப் போற?"

"நான் வாசிப்பன்" என்றேன். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன்; ஆனால் அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டாமலே வாசிப்பேன். "அந்த வளவுல இப்ப கிணறு மட்டும்தான் நிக்குது. அதுக்குக் காணி உறுதிப் பத்திரம் என்ட அலுமாரியில இரிக்கு. இஞ்ச எனக்கு ஒரு குறையும் இல்ல மகள். என்ட பிள்ளைகள் கலியாணம் முடிச்சது இஞ்ச. என்ட மனுசன அடக்கினது இஞ்ச. ஆனா அந்தக் கட்டத்த நான் வாயால சொன்னது. அத அழிச்சுட்டுத்தான் என்ட பேர் வரோணுமெண்டா, பேர் வேணாம்."

சொல்லிவிட்டேன். ஆனால் முற்றத்தில் காயவைக்கிற பரணில் மூன்று நாள் வெயில் குடித்த கட்டா இருக்கிறது. அந்த மஹத்தயா பக்கத்து வீட்டில் இறங்கி, என் வாசலைத் தாண்டிப் போவதை நினைத்துப் பார்த்தேன். மற்றப் பத்துப் பேரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்திகூட மாற்றச் சொல்லவில்லை.

தலைவி அவனைப் பார்த்தாள். "நீயாவது சொல்லேன் மகன்."

ஒண்டொண்டா வலது காலின் செருப்பையும் கழற்றினான். அதை நாங்கள் அதற்கு முன் கண்டதே இல்லை. வெறுங்காலோடு சங்கத்துக்குள் நாலு சுற்று நடந்தான்.

"பிழை உம்மாட இல்ல தாத்தா. உம்மா சரியாத்தான் சொல்லிருக்கா. பிழை என்ட. வாங்குற ஆள் கருவாடு எங்க காயுது எண்டுதானே தேடுறார்? நான் ஆள் எந்த ஊர் எண்டு பாத்து வடிச்சிருக்கன். அந்தக் கட்டத்த ஆரும் தொட வேணாம். நான் கேட்ட கேள்வியை மாத்துறன்."

களஞ்சியத்தில் 'கருவாடு காயும் இடம்' என்று புதுக் கட்டம் ஒன்று உண்டாக்கினான். அதை நிரப்ப இரண்டு நிமிஷம் போதும், எல்லோரும் கற்பிட்டி என்று நாங்கள் சொன்னோம். கேட்பானா? வியாழன் முழுக்க வீடு வீடாகப் போனான். பரணைத் தொட்டுப் பார்த்தான், வலையைத் தூக்கிப் பார்த்தான், கருவாடு காய்கிறதைத் தன் கண்ணால் கண்ட பிறகுதான் எழுதினான். அதுவும் என் பேனையை இரவல் வாங்கி. ஒரு வீட்டில் நாய் துரத்தியது. ஓடினான், ஆனால் எழுதிக்கொண்டே ஓடினான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மருமகள் கற்பிட்டி, கட்டா என்று தட்டினாள். வந்தது! ஸவுதா உம்மா. பதினொரு பேரும் வந்தார்கள். தலைவி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அவளிடம் சந்தேகப்பட்டதைச் சொல்லி மாப்புக் கேட்டேன். "தெரியும் மாமி, உங்கட மூஞ்சியிலயே எழுதியிருந்திச்சு" என்றாள்.

சனிக்கிழமை மஹத்தயா வந்தார். வான் வண்டியிலிருந்து இறங்கும்போதே கையில் கடதாசி.

"முதல்ல இந்த அம்மாட வீட்டுக்குப் போவம். கட்டா, நெத்தலி, சாளை, திருக்கை, எல்லாம் ஒரே வீட்டுல! பெரிய கெட்டிக்காரி போல. சோதனை உம்மா ஆரு?"

நாங்கள் எல்லோரும் ஒண்டொண்டாவைப் பார்த்தோம். அவன் வெப்சைட்டுக்கு நகல் வைத்தான், களஞ்சியத்துக்கு வைக்கவில்லை. புது வடியைச் சோதிக்க அவளுக்கும் காயும் இடம் கற்பிட்டி என்று போட்டவன், வேலை முடிந்தபின் அவளை எடுக்க மறந்துவிட்டான்.

"அவ... வெளியூர் போயிட்டா" என்றாள் தலைவி.

"எப்ப வருவா? நான் காத்திருக்கன்."

"அவ இனி வரமாட்டா."

"அனே! மௌத்தாகிட்டாவா?" அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

ஒண்டொண்டாவுக்குப் பொய் பொறுக்காது. "இல்ல சேர். அவ பிறக்கவே இல்ல. வடி சரியா எண்டு பாக்க நான் உண்டாக்கின ஆள்" என்று முதலிலிருந்து தொடங்கினான், மூன்று வடி, அச்சு, களஞ்சியம், ஒன்றும் விடாமல். அந்த மனிதர் வெயிலில் நின்று முழுவதும் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு வண்டியில் சாய்ந்துகொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "சரி, பிறந்த ஆக்கள்ட வீட்டுக்குப் போவம்" என்றார்.

என் வீட்டுக்கு வந்தார். கட்டாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ஒடித்துப் பார்த்தார், மணந்து பார்த்தார். ஒரு சொல்லும் பேசாமல் கடதாசியில் என் பெயருக்கு எதிரே சரி போட்டார். போட்டவர் அப்படியே நின்றார்.

"அம்மா, காயும் இடம் கற்பிட்டி. கீழ முசலி எண்டு இரிக்கே, அது எங்க?"

கடதாசியை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு பெயருக்குக் கீழும் இரண்டு வரி. முதல் வரி கருவாடு காயும் இடம். இரண்டாவது வரி நிரந்தர முகவரி. என் பெயருக்குக் கீழே முசலி, மன்னார். நான் அவனிடம் அழிக்காதே என்று மட்டும்தான் சொன்னேன். எல்லோரும் பார்க்கிற இடத்தில் போடு என்று சொல்லவில்லை.

மஹத்தயாவுக்கு முசலி எங்கே என்று சொன்னேன். எல்லையோடு சொன்னேன், இந்த முறை இடம் இருந்தது. அவர் போன பிறகு ஒண்டொண்டாவைக் கூப்பிட்டேன்.

"மகன், வாங்குற ஆளுக்கு எங்கட நிரந்தர முகவரி என்னத்துக்கு?"

அவன் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தான்.

"வாங்குற ஆளுக்கில்ல உம்மா. நீங்கதானே வாசிப்பன் எண்டீங்க" என்றான்.

அவன் திருப்பத்தில் மறையும் வரைக்கும் வாசலில் நின்றேன்.

இவ்வளவையும் நான் சொல்லச் சொல்ல எழுதினது என் பேத்தி. ஹனா, இஞ்ச வந்து என்ட பக்கத்துல இரி புள்ள. நான் சொன்னதெல்லாம் எழுதினாயா? முதல்லயிருந்து ஒருக்கா வாசி, கேப்பம். அவனும் இத வாசிப்பான். அவன்ட மனசு நோகிற மாதிரி ஒரு சொல்லு இரிந்தாலும் சொல்லு, எடுத்திடுவம்.